சம்மதம் பெறப்படவில்லை

என் மனைவி இறந்த பதினேழாம் நாள், அவள் ஓட்டிய காரைப் பற்றி எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது.

"மதிப்புக்குரிய வாடிக்கையாளரே, எங்கள் அவசர அழைப்புச் சேவையைப் பயன்படுத்தியமைக்கு நன்றி. அழைப்பு நீடித்த நேரம்: பதினொரு நிமிடம் இருபது வினாடி. உங்கள் அனுபவம் எப்படி இருந்தது? ஒன்று முதல் ஐந்து நட்சத்திரங்களுக்குள் மதிப்பிடுங்கள்."

அடுப்பில் பால் வைத்திருந்தேன். பொங்கி வழிந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதுவரை எனக்குச் சொல்லப்பட்டிருந்தது இவ்வளவுதான். ஊருக்கு வெளியே, வளைவில், ஒரு லாரி பக்கவாட்டில் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. கார் பள்ளத்தில் இறங்கி மரத்தில் மோதியது. சாலையிலிருந்து பார்த்தால் தெரியாத பள்ளம். நாற்பது நிமிடம் கழித்து, ஒதுங்குவதற்காக வண்டியை நிறுத்திய ஒரு பால்வண்டி ஓட்டுநர் பார்த்திருக்கிறார். அவளுடைய கைபேசி பின் இருக்கைக்கு அடியில் கீறல்கூட இல்லாமல் கிடந்தது. மருத்துவர் சொன்னார்: "அரை மணி நேரத்துக்கு மேல உயிரோட இருந்திருக்காங்க. கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா..."  

கார் யாரையோ கூப்பிட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை.

பதினொரு நிமிடம் இருபது வினாடி. அதில் அவள் பேசினாளா? பேசியிருந்தால் என்ன பேசினாள்? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

அந்தக் காரை வாங்க வைத்தவர் என் மாமனார். முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு கோழிமேல்கூட வண்டியை ஏற்றியதில்லை என்பார். என் மனைவி வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கும் பிசியோ. "நாள் பூரா தனியா ஓட்டுறா. அவசரத்துக்குக் கூப்பிட ஒரு பொட்டியாவது கூட இருக்கட்டும் மாப்பிள்ளை" என்றார் மாமா. அந்தப் பெட்டி கண்ணாடிக்கு மேலே இருந்தது. ஒரு சிவப்புப் பொத்தான். ஒரு ஒலிபெருக்கி.

"மோதினா தானாவே கூப்பிடும் சார். நீங்க மயங்கிக் கிடந்தாலும் கூப்பிடும்" என்றார் விற்பனையாளர்.

"நான் வண்டிய எடுத்தாலே இவர் மயங்கிடுவார். அதுக்கும் கூப்பிடுமா?" என்றாள் அவள்.

அவளுடைய அடையாள அட்டையில் பழைய முகவரி இருந்தது. அதனால் வண்டி என் பெயரில் பதிவானது. எனக்கு ஓட்டத் தெரியாது. ஒரு தொடுதிரைப் பலகையை நீட்டினார்கள். அதில் 'சம்மதிக்கிறேன்' என்பதை இருபத்துமூன்று முறை அழுத்தினேன். நான் பாடநூல் அச்சகத்தில் பிழை திருத்துபவன். யாரும் படிக்காததை வரிவரியாகப் படிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அன்று மட்டும் படிக்கவில்லை. அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாளிலிருந்து அழைப்புகள். டயர், இருக்கை உறை, வாசனைத் திரவம், வண்டி கழுவும் இயந்திரம். நாளுக்குப் பதினைந்து. எல்லாமே ஒரே மாதிரி தொடங்கும்: "வணக்கம் சார், உங்கள் வாகனம் தொடர்பாக..." நான் "வேண்டாம்" என்று சொல்லி வெட்டிவிடுவேன். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் எடுப்பாள்.

"மூணு செகண்ட். கை தளர்ந்துபோச்சு உங்களுக்கு."

"ஆரம்பிக்க விடணும்ல."

"ஒரு செகண்ட்ல வெட்டுங்க. பரிசு தர்றேன்."

என்ன பரிசு என்று கடைசிவரை சொல்லவில்லை.

*

தானியங்கி அவசர அழைப்பு ஆணையத்துக்கு ஒன்பது மாடிகள். வாசலில் பித்தளை எழுத்துகள்: 'உங்கள் உயிர் எங்கள் கண். உங்கள் தகவலுக்கு நாங்கள் இமை.'

"இமை மூடினா கண்ணு தெரியாதேடா" என்றார் மாமா, பலகையிடம்.

காவலாளி எங்களை ஒரு வட்டத்துக்குள் நிற்க வைத்தார். "கேமரா ஒங்களப் படம் எடுக்கும். சம்மதமா?"

"இல்லேன்னா?"

"இல்லேன்னாலும் எடுக்கும் சார். சம்மதம் இல்லைன்னு குறிச்சிக்கிட்டு எடுக்கும்."

நான்காம் சாளரத்தில் ஓர் அம்மா இருந்தார். கனிவான முகம். அந்தக் கட்டடத்தில் எல்லோருக்குமே கனிவான முகம்.

"யாரோட பதிவு வேணும்?"

"என் மனைவியோடது."

"அவங்கள வரச் சொல்லுங்க."

"இறந்துட்டாங்க."

"அப்ப அவங்க கையெழுத்துப் போட்ட கடிதம் ஒண்ணு கொண்டுவாங்க."

"இறந்துட்டாங்கம்மா."

"புரியுது சார். இறந்தவங்க கையெழுத்துப் போட முடியாதுன்னு ஆணையத்துக்கும் தெரியும். அதுக்குத்தான் பக்கத்துலயே கைரேகைக்குக் கட்டம் விட்டிருக்கோம்." பேனா முனையால் கட்டத்தைத் தட்டிக் காட்டினார்.

மாமா குனிந்தார். "ஏம்மா, எரிச்சாச்சு. சாம்பலக் கொண்டாந்து கட்டத்துல ஒத்தினா ஏத்துக்குவீங்களா?"

அந்த அம்மா கோபப்படவில்லை. தடித்த ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அட்டவணையில் விரல் வைத்துத் தேடினார். "சாம்பலப் பத்தி விதியில ஒண்ணும் இல்லைங்க. மேல கேட்டுச் சொல்றேன்" என்றார். ஒரு தாளில் 'சாம்பல்?' என்று எழுதிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. சாம்பல் ஏற்கப்படாது. ஆனால் இப்படியொரு கேள்வியை எழுப்பியதற்காக ஆணையம் எனக்கு நன்றி சொல்லியிருந்தது.

*

ஐம்பத்தொன்றாம் நாள் ஏழாம் மாடிக்குப் போக அனுமதி கிடைத்தது. அங்கே தனியுரிமைக் காவல் அதிகாரி இருந்தார். சட்டைப்பையில் பூட்டுச் சின்னம் குத்தியிருந்தார். வெளியே வந்தபின் மாமா அவருக்குப் 'பூட்டு' என்றே பெயர் வைத்துவிட்டார். நானும் அப்படியே சொல்கிறேன்.

பூட்டின் அறையில் ஒரு கிண்ணத்தில் மிட்டாய் இருந்தது. எடுத்துக்கொள்ளச் சொன்னார். மாமா எடுத்துக்கொண்டார்.

"உங்க துக்கம் எனக்குப் புரியுது சார். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அந்தப் பதினொரு நிமிஷம் மேடத்தோட வாழ்க்கையிலேயே ரொம்ப அந்தரங்கமான நிமிஷம். அத நாங்க கண்டவங்க கையில கொடுத்துடலாமா?"

"நான் கண்டவன் இல்ல. புருஷன்."

"அதனாலதான் கூடுதல் கவனம் வேண்டியிருக்கு." முன்னால் சாய்ந்தார். "குரல் பேசினவங்களுக்குச் சொந்தம். இடம் வண்டிக்குச் சொந்தம். ரெண்டையும் தனித்தனியா வெச்சிருக்கோம். ஒண்ணுக்கொண்ணு பாத்துக்கவே பாத்துக்காது. உலகத்துல எங்கயும் இவ்வளவு சுத்தமா பண்றதில்ல."

"அவங்க பேசினாங்களா? அத மட்டும் சொல்லுங்க."

"பேசினாங்களா இல்லையாங்கிறதும் அவங்களோட தகவல்தானே சார்?"

அன்று காலை டயர்க் கம்பெனியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைக் காட்டினேன். 'மேடம் கடைசியாகப் போட்ட பிரேக் மிகக் கடுமையானது! நான்கு டயர்களும் தேய்ந்திருக்கும். இன்றே மாற்றுங்கள்.'

"இது உங்ககிட்டருந்துதானே போச்சு?"

பூட்டு ஆவலாக வாங்கிப் படித்தார். "ஆமா, எங்க கூட்டாளி நிறுவனம். மொத்தம் இருநூத்துப் பதினாலு பேர் இருக்காங்க. இதுல பேரே இல்ல பாருங்க. 'மேடம்'னுதான் போட்டிருக்காங்க. நாங்க பேர் இல்லாமத்தான் கொடுப்போம். ஃபோன் நம்பரத் தனியா கொடுப்போம். சேத்துப் பாக்கறது அவங்க திறமை."

"கடைசி பிரேக் டயர்க்காரனுக்குத் தெரியலாம். கடைசி வார்த்தை எனக்குத் தெரியக் கூடாதா?"

"அவர் அந்நியர் சார்." சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "அந்நியருக்குக் கொடுத்தா அதுல மீறல் இல்ல. அவருக்கு மேடம் யாருன்னே தெரியாது, அக்கறையும் கிடையாது. நீங்க நெருங்கினவர். ரகசியத்த நெருங்கினவங்ககிட்டருந்துதான் காப்பாத்தணும். எதிர்வீட்டுக்காரன்கிட்ட யார் சார் ரகசியத்த மறைக்கிறா?"

மாமாவின் வாயில் மிட்டாய் கடிபடும் சத்தம் கேட்டது.

"பத்தொன்பதாம் படிவம் கொடுங்க. அறுபது நாள்ல பதில் வரும்" என்றார் பூட்டு. "இன்னொண்ணு. தொண்ணூறாம் நாள் பதிவ அழிச்சிடுவோம். மேடத்தோட பாதுகாப்புக்காக."

ஐம்பத்தொன்றும் அறுபதும் நூற்றுப் பதினொன்று. அதை அவரிடம் சொன்னேன். கணக்கில் தவறில்லை என்று ஒப்புக்கொண்டார்.

*

எழுபதாம் நாள் கார் அனுப்பி அழைத்துப் போனார்கள். அழைப்பிதழ் தடித்த அட்டையில் வந்திருந்தது. என் மனைவியின் அழைப்பு ஆணையத்துக்கு வந்த ஒரு லட்சமாவது அழைப்பாம். சாலைப் பாதுகாப்பு நாள் விழாவில் பயனாளி சார்பில் நான் கேடயம் வாங்க வேண்டும்.

"பயனாளியா? என்ன பயன்டா அடைஞ்சா?" மாமா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். "வாங்க மாப்பிள்ளை. மைக்கக் கையில குடுப்பாங்கல்ல. அதுல கேட்டுடுவோம்."

அரங்கம் நிரம்பியிருந்தது. வாசலில் ஒவ்வொருவருக்கும் முகமூடி கொடுத்தார்கள். தனியுரிமை. எண்ணூறு பேர் முகம் தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் மாமாவின் மடியில் உட்காரப் பார்த்தார், தன் மனைவியின் இருக்கை என்று நினைத்து.

தலைவர் பேசினார். அவருக்கு மட்டும் முகமூடி இல்லை.

"நண்பர்களே, பத்து ஆண்டுக்கு முன்னால் இந்தச் சேவையைத் தொடங்கியபோது என்ன சொன்னார்கள்? காருக்குள் பெட்டி வைத்தால் நாம் போகிற வருகிற இடமெல்லாம் ஊருக்குத் தெரிந்துவிடும் என்றார்கள். இன்று தலைநிமிர்ந்து சொல்கிறேன். ஒரு லட்சம் அழைப்புகள். சம்மதமில்லாமல் ஓர் இடத்தைக்கூட நாம் வெளியே சொன்னதில்லை. காவல்துறை கேட்டது, சொல்லவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் கெஞ்சினார்கள், சொல்லவில்லை. பள்ளத்தில் கிடக்கும் குடிமகனுக்கும் கண்ணியம் உண்டு. அவர் எங்கே கிடக்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம்!"

கைதட்டல் ஓய நேரமானது.

"சிலர் கேட்கிறார்கள், மயங்கிக் கிடப்பவர் எப்படிச் சம்மதம் சொல்வார் என்று. நான் திருப்பிக் கேட்கிறேன். மயங்கிக் கிடப்பவரின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள நமக்கு யார் உரிமை கொடுத்தது?"

இப்போது எழுந்து நின்று தட்டினார்கள்.

எனக்கு விளங்கிவிட்டது. மயங்கிக் கிடந்திருக்கிறாள். சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. பதினொரு நிமிடம் வெறும் மௌனம். எழுபது நாளில் முதல்முறையாகக் கொஞ்சம் மூச்சு விட்டேன். வலி தெரியாமல் போயிருக்கிறாள். இப்படிப்பட்ட அரங்கத்தில் உட்கார்ந்து இப்படிப்பட்ட ஆறுதலை அடைய என்னைப் பழக்கிவிட்டார்கள்.

மேடையில் கனத்த கண்ணாடிக் கேடயத்தைக் கொடுத்தார்கள். 'ஒரு லட்சமாவது குரல்' என்று பொறித்திருந்தது. மைக் கைக்கு வந்தது.

"அந்தக் குரல் எனக்கு..." என்றேன்.

மைக் நின்றுவிட்டது. கோளாறு இல்லை. மேடையோரம் நின்ற பூட்டு உதட்டில் விரல் வைத்துத் தலையசைத்தார்.

"கேட்டுட்டீங்களா?" என்றார் மாமா, திரும்பி வந்ததும்.

"பாதிதான் கேட்டேன்."

"பாதி கேட்டதுக்கே இவ்வளவு பெரிய கேடயமா?"

*

வீட்டுக்கு வந்து, இருபத்துமூன்று முறை நான் சம்மதித்தது எதற்கு என்று படிக்கத் தொடங்கினேன். தொண்ணூற்று நான்கு பக்கம். அலுவலகத்தில் விடுப்புச் சொன்னேன். பென்சிலோடு உட்கார்ந்தேன். நாற்பத்தொரு எழுத்துப் பிழை, ஆறு இடத்தில் ஒருமை பன்மை மயக்கம். விதி அறுபத்தொன்று எழுபத்தெட்டாம் பக்கத்தில் இருந்தது.

'பதிவுபெற்ற வாகன உரிமையாளர், அவ்வாகனத்தினுள் அமர்ந்து சிவப்புப் பொத்தானை அழுத்தி, அவ்வாகனத்திலிருந்து இதற்கு முன் சென்ற அழைப்பின் பதிவை ஒரேயொரு முறை கேட்கலாம்.'

பூட்டுக்குத் தொலைபேசினேன். அந்த விதியைப் படித்துக் காட்டினேன்.

"அதப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"முழுசாவா?" குரலில் முதல்முறையாக வருத்தம் தெரிந்தது. "சார், அது படிக்கறதுக்காக எழுதினது இல்ல."

*

எண்பத்தெட்டாம் நாள் மதியம். பழைய இரும்புக் கிடங்கு. கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. எங்களுடையது தரையில் தனியாக நின்றது. நசுக்கும் இயந்திரம் வெள்ளிக்கிழமை வரும் என்றார் கிடங்குக்காரர். எங்களைப் பார்த்துவிட்டு நிழலுக்குப் போனார்.

மாமா தன் பழைய பணிமனையிலிருந்து ஒரு பேட்டரியைத் தோளில் தூக்கி வந்திருந்தார். ஓட்டுநர் பக்கம் கதவு என்று ஒன்று இல்லை. தகரம் மடிந்து இருக்கையோடு சேர்ந்திருந்தது. என் பக்கக் கதவு திறக்கவில்லை. கண்ணாடியில் விரிசல் மட்டும்தான்.

"கல்லு ஏதாச்சும் கெடக்கா பாருங்க மாப்பிள்ளை."

பையிலிருந்து கேடயத்தை எடுத்துக் கொடுத்தேன். கிடங்கில் எறிந்துவிடலாம் என்று கொண்டு வந்திருந்தேன். மாமா வாங்கி, 'ஒரு லட்சமாவது குரல்' என்ற பக்கத்தால் ஓங்கி ஓர் அடி அடித்தார். ஜன்னல் உதிர்ந்தது. கேடயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

"உருப்படியான சாமானாத்தான் குடுத்திருக்கானுங்க" என்றார்.

உள்ளே நுழைந்து உட்கார்ந்தேன். நான் எப்போதும் உட்காரும் இடம். கியர் கம்பியில் அவளுடைய தலைமுடி ரப்பர் மாட்டியிருந்தது. பின்னால், நோயாளிகளின் காலில் கட்டி இழுக்கும் பச்சைப் பட்டை சுருண்டு கிடந்தது. மாமா முன்பக்கம் கம்பிகளை இணைத்தார். பெட்டியில் சின்ன விளக்கு எரிந்தது. பொத்தானை அழுத்தினேன்.

"வணக்கம். தானியங்கி அவசர அழைப்பு ஆணையம். உங்களுக்கு அடிபட்டிருப்பதற்கு வருந்துகிறோம்." இளம்பெண் குரல். "தொடர்வதற்கு முன் ஒரு சிறு தனியுரிமை அறிவிப்பு. இரத்தம் வந்துகொண்டிருந்தால் துணியால் அழுத்தியபடியே கேட்கலாம்."

படித்தாள். நான்கு நிமிடம் நாற்பது வினாடி. கடைசியில் சம்மதமா என்றாள். சம்மதம் என்றேன். பதிவு எண், பிறந்த தேதி சரிபார்த்தாள். விதி அறுபத்தொன்றைச் சொன்னேன். தாள் புரளும் சத்தம் கேட்டது. யாரையோ கேட்டாள். திரும்பி வந்தாள்.

"ஒருமுறை மட்டுமே ஒலிபரப்பப்படும். பிறகு அழிக்கப்படும். சம்மதமா?"

"சம்மதம்."

மாமா ஜன்னல் ஓரம் வந்து நின்றார்.

முதலில் அதே வணக்கம். அதே குரல். அதே பெண்தான். அதே வருத்தம், அதே துணி. அறிவிப்பு ஓடியது. பின்னால் மூச்சு விடும் சத்தம். இரண்டாவது நிமிடத்தில் என் மனைவி பேசினாள்.

"ஏம்மா. அதெல்லாம் சரிம்மா. ஆள அனுப்பு."

மாமா ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"தயவுசெய்து குறுக்கிடாதீர்கள் மேடம். குறுக்கிட்டால் முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்."

அவள் குறுக்கிடவில்லை. கடைசிவரை கேட்டாள். சம்மதமா என்றதும் "சம்மதம்" என்றாள். தெளிவாக. நோயாளிகளுக்கு எண்ணிக்கை சொல்லும் குரல்.

"நன்றி. குரலுக்கான சம்மதம் பெறப்பட்டது. அடுத்து இடத்துக்கான சம்மதம். அதை வாகன உரிமையாளர்தான் தர வேண்டும். அவரை இணைக்கிறோம்."

"கூப்பிடும்மா. எடுப்பார். வேலைல இருந்தாலும் எடுப்பார்."

"உங்கள் தனியுரிமை கருதி உங்கள் குரல் அவருக்குக் கேட்காது மேடம். அவர் குரல் உங்களுக்குக் கேட்கும்."

மணி அடித்தது. நான்கு முறை. எடுக்கும் சத்தம். பின்னணியில் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இயந்திரத்தை எனக்குத் தெரியும்.

"வணக்கம் சார், உங்கள் வாகனம் தொடர்பாக..."

"வேண்டாம்."

என் குரல்தான்.

இணைப்பு அறுந்தது.  பிறகு அவள்.

"ஒரு செகண்ட்" என்றாள்.

சிரித்தாளா, இருமினாளா, தெரியவில்லை.

"வாகன உரிமையாளர் மறுத்துவிட்டார் மேடம்."

"மறுக்கலம்மா. விளம்பரம்னு நெனச்சுட்டார். நாளெல்லாம் வருது அவருக்கு. இன்னொரு தடவ போடு."

"மன்னிக்கவும். ஒருமுறை மறுத்தவரை இருபத்துநான்கு மணி நேரத்துக்குத் தொந்தரவு செய்யக் கூடாது. விதி முப்பத்தாறு."

இரண்டு வருடமாக என்னைத் தொந்தரவு செய்யாதே என்று எவனெவனிடமோ கேட்டிருக்கிறேன். சொன்னபடி கேட்டது இவர்கள் மட்டும்தான்.

"சரி, எடத்த நானே சொல்றேன். எழுதிக்கோ." சாலையின் பெயரைச் சொன்னாள். அதன்மேல் 'பீப்' என்று ஓர் ஒலி வந்து மூடியது. எத்தனையாவது வளைவு என்றாள். பீப். பக்கத்தில் என்ன இருக்கிறது என்றாள். பீப்.

"மேடம், உரிமையாளர் சம்மதமில்லாமல் இடத்தைச் சொல்லாதீர்கள். எங்களுக்குக் கேட்காது."

"நீயும் பொண்ணுதானே?"

அந்தப் பெண் மூச்சை இழுத்தாள். பிறகு, படிக்கிற குரலில்: "அழைப்பு நிறைவடைகிறது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

வெகுநேரம் மூச்சு மட்டும். பத்து நிமிடம் தாண்டியிருக்கும்.

"ஒண்ணே ஒண்ணு. அவர்கிட்ட இதச் சொல்லாதீங்க. கூப்பிட்டது நீங்கன்னு. அவருக்குத் தெரியவே வேணாம். அத மட்டும் ரகசியமா வெச்சுக்குவீங்களா?"

"அது எங்கள் வரம்பில் இல்லை மேடம். உங்கள் அனுபவம் குறித்து அவருக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். பத்திரமாகப் பயணம் செய்யுங்கள்."

பதிவு முடிந்தது. அழிக்கப்பட்டதற்கு அடையாளமாக ஒரு சின்ன இசை வந்தது.

தன் அந்தரங்கம் என்று அவள் அவர்களிடம் ஒப்படைத்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு லட்சம் அழைப்பில் அவர்கள் வெளியே விட்டதும் அதுதான்.

மாமாவைப் பார்க்க முடியவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை உள்ளே வந்து என் தோளில் விழுந்தது. பேருந்தின் ஸ்டியரிங்கைத் திருப்பிய கை. கனமாக இருந்தது.

"நானும் வெட்டியிருப்பேன் மாப்பிள்ளை" என்றார். "எவனும் வெட்டியிருப்பான்."

பெட்டியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "சார்?" என்றாள் அந்தப் பெண். குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "இடம்... அனுப்பணுமா சார்? உரிமையாளர் நீங்கதானே?"

"அனுப்பு."

"சம்மதம்னு சொல்லணும் சார்."

"சம்மதம்."

ஒன்பது நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. கூவிக்கொண்டு, கேட்டை உரசிக்கொண்டு, புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. இரண்டு பேர் தூக்குப் படுக்கையோடு குதித்தார்கள். நசுங்கிய காரையும் உள்ளே இருந்த என்னையும் பார்த்தார்கள். ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். ஒருவர் கழுத்துக்குப் பட்டை மாட்டப் பார்த்தார்.

"எங்க அடிபட்டிருக்கு?"

மாமாதான் பதில் சொன்னார். இடத்தைச் சொன்னார். சாலையின் பெயர், எத்தனையாவது வளைவு, பக்கத்தில் என்ன. எதன்மேலும் எந்த ஒலியும் வந்து மூடவில்லை.

"உங்க வண்டி நிக்கிற எடத்துலருந்து அங்க எவ்வளவு நேரம் ஆகும்?"

ஓட்டுநர் யோசித்தார். "அது இதவிடப் பக்கம்தாங்க. ஏழு நிமிஷம்." பெருமையாகச் சொன்னார். "ஆறுலகூடப் போயிடுவேன்."

மாமா கேடயத்தைக் கையில் எடுத்தார். அதை எதன்மேல் எறிவது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தார். கடைசியில் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

என் பையில் கைபேசி அடித்தது. தெரியாத எண். எடுத்தேன்.

"வணக்கம் சார், உங்கள் வாகனம் தொடர்பாக..."

"வெட்டித் தொலைங்க மாப்பிள்ளை" என்றார் மாமா.

"இருங்க மாமா" என்றேன். "முழுசா சொல்லட்டும்."